கறுப்புத் தபால்தலை நாலு

முந்தின நாள் சாயங்காலம் ஆல்பத்தை மூடிப் பீரோவுக்குள் வைத்தபோது நான்கு தபால்தலைகளும் வெறுமையாகத்தான் இருந்தன. காலையில் திறந்தால் முதலாவதன் மேல் முத்திரை விழுந்திருந்தது.

நாகராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தான். கறுப்புத் தலையின் மேல் கறுப்பு மை என்பதால் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும், காசு அளவுக்கு ஒரு வட்டம், ஈரம் காயாத மாதிரி மினுங்கியது. விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்த வாடை அடித்தது. லென்ஸை வைத்து வட்டத்துக்குள் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். ஆனி 14.

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அன்றைக்கு ஆனி 13.

"ஏ பரிமளா, இந்த ரூமுக்குள்ள யாரு வந்தது?"

"யாரு வருவா. சாவி ஒங்க அரைஞாண்லதான தொங்குது," அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நான் உள்ள வந்து கூட்டுறதுக்கே மனு எழுதிப் போட வேண்டியிருக்கு."

அது உண்மைதான். திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒரே மகன் விக்ரம் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. முன்னறையில் பீரோவும் மேசையும் போட்டு நாகராசு அதைத் தன் அறையாக்கிக்கொண்டிருந்தான். பீரோவின் சாவியை அவன் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

நாகராசுவைப் பார்க்கிற யாரும் தபால்தலை சேகரிப்பவன் என்று சொல்ல மாட்டார்கள். அப்பனும் ஆத்தாளும் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள். அவனும் பத்தொன்பது வயது வரை அவர்கள் பக்கத்தில் குந்தி உடைத்தான். பிறகு பதினோரு வருஷம் வளைகுடாவில் கான்கிரீட் சுமந்தான். அங்கே கேம்ப்பில் ஒரு கட்டிலுக்கு ஒரு தேசம் என்று ஆட்கள் கிடந்தார்கள். கடிதம் படித்துவிட்டு அழுது முடித்து உறையைக் கசக்கி எறிவார்கள். அந்த உறைகளின் மூலையைக் கிழித்துச் சேர்க்க ஆரம்பித்தவன்தான். ஊர் திரும்பி, பழைய பங்களாக்களை இடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்லும் சுண்ணாம்பும் தின்று வெடித்துப்போன விரல்கள் அவனுக்கு. அந்த விரலால் தபால்தலையைத் தொட்டால் தலைக்கு ஆகாது என்று, தட்டார் கல் எடுக்க வைத்திருக்கிற சின்ன இடுக்கியான சாமணம் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். எந்தத் தலையையும் அதால்தான் எடுப்பான். வேறு யாராவது விரலால் தொட்டால் அவனுக்கு உடம்பு எரியும்.

இந்த நான்கும் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

சர்க்கார் தபால் எட்டிப் பார்க்காத காலத்தில், திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டியார் குடும்பம் சொந்தமாகத் தபால் நடத்தியது. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போன ஆட்களின் கடிதங்களைக் கப்பல் துறையிலிருந்து வாங்கி, மூன்று ஊர்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால். வேப்பங்கட்டையில் செதுக்கி, வீட்டிலேயே அச்சடித்த தலைகள். வியாபாரக் கடிதத்துக்குச் சிவப்பு. கல்யாணம், காதுகுத்துக்கு மஞ்சள். சாவுச் செய்திக்குக் கறுப்பு. சிவப்பில் பதினொன்று இன்றைக்கு யார் யாரிடமோ இருக்கிறது. மஞ்சளில் மூன்று. கறுப்பு இருந்ததாக ஒரு பழைய பேரேட்டில் எழுதியிருக்கிறதே தவிர, பார்த்தவன் ஒருவனும் இல்லை. எப்படி இருக்கும். சாவுச் செய்தி வந்த கடிதத்தை வாசலில் நின்று படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே சுக்குநூறாகக் கிழித்துத் தெருமுக்கில் போட்டுவிட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். கடிதத்தோடு தலையும் கிழிந்து போகும். மூன்று ஊரிலும் ஒரு வீட்டில்கூட ஒருத்தரும் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அந்தக் குடும்பத்து வீட்டைத்தான் நாகராசுவின் ஆட்கள் இடித்தார்கள். தலைவாசலுக்கு வெளியே மதில் சுவரில் ஒரு விளக்குப் பிறையை வெளிப்பக்கமாகச் செங்கல் வைத்துப் பூசி மூடியிருந்தது. கடப்பாரை போட்ட அறிவுச்செல்வன் உள்ளே கையை விட்டுத் துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்றை எடுத்தான். அதற்குள் மடித்த காகிதம். காகிதத்துக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே வரிசையாக நான்கு தலைகள், முத்திரை விழாமல், பின்பக்கப் பசைகூட மினுங்க.

"அண்ணே, பொட்டு அட்டை மாதிரி இருக்கு பாருங்க," என்று அதை உள்ளங்கையில் விரித்துக்கொண்டு வந்தான் அறிவுச்செல்வன்.

"கையில தொடாதடா எரும," என்று நாகராசு சாமணத்தோடு ஓடினான்.

வீட்டுக்காரர் நாராயணன் அன்றைக்குச் சென்னையிலிருந்து காரில் வந்து மரத்தடியில் நின்றார். தலைகளை வாங்கி, ஆகாயத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவர் கையை நாகராசுவால் தட்டிவிட முடியவில்லை.

"எங்க ஐயா சொல்லுவாக, கறுப்பு மட்டும் வாசலுக்கு வெளியதான் கெடக்கும்னு," என்றார். "நீங்க ஆசப்படுறீக, எடுத்துக்கங்க மேஸ்திரி. வீட்டுக்குள்ள கொண்டுபோகாதீக."

அவன் சரி என்று தலையாட்டினான். வெளியில் வைத்தால் கரையான் அரிக்கும், பனி பிடிக்கும். அன்று சாயங்காலமே ஆல்பத்துக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டான்.

அடுத்த மாதம் திருச்சியில் தபால்தலைக் கண்காட்சி. கோட்டுப் போட்டவர்களும் டாக்டர்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற இடம். போன வருஷம் அங்கே அவனை ஒருவர் நாற்காலி தூக்கிப் போடச் சொன்னார். இந்த வருஷம் உலகத்தில் வேறெங்கும் இல்லாத நான்கு தலைகளோடு போய் நிற்கப் போகிறான். ஆனால் முழுசாக, வெறுமையாக நிற்க வேண்டும். பழைய தலையில் புதிதாக எவனாவது போலி முத்திரை குத்திவிட்டால் அது தபால்தலை இல்லை. குப்பை.

குத்தியது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ரகுநாத். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், இந்த ஜில்லாவில் நாகராசுவைப் போல இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருத்தன். அதே வீட்டின் பழைய பித்தளை முத்திரைக்கட்டையை நாராயணனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆல்பத்திலிருந்து வரிசையின் நுனியை விரலால் கிள்ளி எடுத்து மோந்து பார்த்தான். நாகராசு டீ வாங்கி வரத் தெருமுனைக்குப் போய்த் திரும்ப எட்டு நிமிஷமாவது ஆகியிருக்கும். எட்டு நிமிஷத்தில் பீரோவின் சாவித்துளையில் மெழுகை அழுத்தி அச்சு எடுக்க முடியாதா.

தேதியில்கூட ஒரு நாள் தப்புப் போட்டிருக்கிறான் மடையன், என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆனி 14. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறிவுச்செல்வன் பாதி இடித்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வெயிலில் அசந்து தூங்குகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கு எழுப்பப் போனவன் கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். முப்பத்தொரு வயது. ஒரு விக்கல்கூட இல்லை. தொண்டைக்குள் சோறும் இல்லை.

இழவு வீட்டில் பந்தல் கம்புக்குப் பக்கத்தில் நின்றபோதும் நாகராசுவின் நினைப்பில் பாதி ரகுநாத்தின் மேல்தான் இருந்தது. பிறகு அதற்காக அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கினான். ஆல்பத்தைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டி, முடிச்சின் மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டான். அறைத் தரையில் திருநீறை லேசாகத் தூவி வைத்தான். கால் பட்டால் தெரியும். பரிமளா வாசலில் நின்று பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளேயே கண்ணி வைக்கிறீங்களா? எனக்கா?"

"ஒனக்கு ஏன் வைக்கிறேன். எலி வருது."

"எலி பூட்டுத் தொறந்தா வருது," என்றாள் அவள்.

ஆனி 18 சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். மேல்காற்று ஓட்டைப் பெயர்த்துவிடுகிற மாதிரி அடித்தது. தெருவில் டவுன் பஸ்ஸின் ஹாரன், கோயில் பக்கத்து ஸ்பீக்கர், எதிர்வீட்டு டிவி எல்லாம் காற்றில் வந்து வந்து போயின. நாகராசு கொல்லைப்புறத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலுக்குள்ளும் அந்த ஓசை தனியாகக் கேட்டது.

தொப். டக்.

முதலாவது மெத்தென்று, துணியில் குத்துகிற மாதிரி. இரண்டாவது அழுத்தமாக, மரத்தின் மேல் இறங்குகிற மாதிரி. தபாலாபீஸ் கவுண்டரில் வரிசையில் நின்ற எவனுக்கும் தெரியும் அது. முதலில் மைப்பஞ்சில் ஒன்று. அப்புறம் கடிதத்தின் மேல் ஒன்று.

ஈரக் காலோடு ஓடினான். பூட்டு பூட்டியபடி இருந்தது. திருநீறில் ஒரு கோடுகூட இல்லை. அவன் காலடி மட்டும் இப்போது விழுந்தது. நூல், முடிச்சு, மெழுகு எல்லாம் வைத்தது வைத்தபடி. மெழுகை நகத்தால் பெயர்த்து ஆல்பத்தைத் திறந்தான். இரண்டாவது தலையில் வட்டம். விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல ஈரம்.

ஆனி 19.

"பரிமளா. இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சா?"

"மூடி விழுந்துச்சு. காத்துக்கு." அவள் அடுப்படியில் குனிந்து சட்டி துலக்கிக்கொண்டிருந்தாள். கரி அப்பிய விரல்கள். நாகராசு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் இருட்டுகிற நேரத்துக்குப் போன் வந்தது. புது நம்பர். பெண் குரல். "மேஸ்திரிங்களா? நான் அபிராமி பேசுறேன், நாராயணன் மகள். சென்னையிலேர்ந்து. அப்பா இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க. காபி குடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே... வீட்டு வேலையக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்க."

அவன் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த நாள் காலை ஜெராக்ஸ் கடை திறந்ததும் போய் நின்றான். ரகுநாத் மெஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டே சிரித்தான். "வாங்க மேஸ்திரி. கறுப்பு எப்படி இருக்கு?"

"அந்தக் கட்டைய எடு."

"எந்தக் கட்ட?"

"முத்திரைக்கட்ட. எடுறா."

ரகுநாத்தின் முகம் மாறியது. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். பித்தளை பச்சை பூத்திருந்தது. கைப்பிடியில் ஒட்டடை. தேதி எழுத்துக் கோர்க்கிற இடம் பொக்கைவாய் மாதிரி வெறும் பள்ளமாக இருந்தது. கூடவே இருந்த மைப்பஞ்சு காய்ந்து, ஏரி மண் மாதிரி வெடித்துக் கிடந்தது.

"தேதி அச்சு ஒண்ணுகூட இல்லாமத்தான் வந்துச்சு," என்றான் ரகுநாத். நாகராசு விஷயத்தைச் சொன்னதும் வாய் திறந்தபடி நின்றான். "யோவ், அத கெடுக்க நான் என்ன கிறுக்கனா. ராத்திரி படுத்தா அதத்தான்யா நெனைக்கிறேன். நீங்க செத்தா ஒங்க வீட்டம்மாகிட்டக் கேட்டு வாங்கணும்னு நெனைக்கிறவன்யா நான்."

அது பொய்யில்லை என்று நாகராசுவுக்குத் தெரிந்தது. பொறாமைக்காரன் சொல்கிற உண்மை அப்படித்தான் இருக்கும்.

"சாவி ஒண்ணுதானா?" ரகுநாத் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நானும் அவளும்தான்."

"அவங்களுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாதே," என்று சொல்லிவிட்டு ரகுநாத் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவ்வளவுதான் சொன்னான். அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க நாகராசுவுக்குள் அது ஜல்லிக்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கியது. அவன் தூங்கும்போது அரைஞாணிலிருந்து சாவியை யார் எடுக்க முடியும். நூல் கட்டினதை, மெழுகு விட்டதை, திருநீறு தூவினதை யார் பார்த்தது. விரலில் கரி. விளக்கெண்ணெய் யார் வீட்டு அடுப்படியில் இல்லை.

அன்றிலிருந்து சாவியை அரைஞாணிலிருந்து கழற்றி வாயில் அடக்கிக்கொண்டு படுத்தான். அவள் கொடுத்த காபியை ஆறவிட்டுக் குடித்தான். அவள் எழுந்தால் எழுந்தான். இருபத்தாறு வருஷம் ஒன்றாக இருந்த பெண்ணை, கதவிடுக்கு வழியாக, எவளோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவள் பூ கட்டினாள். அரிசி களைந்தாள். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு சாதாரணமாக இருக்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது.

ஆனி 22. விளக்கு வைக்கிற நேரம். இந்த முறை அவன் முன்னறைக்குள்தான் இருந்தான். பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். பரிமளா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு எதிர்வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

தொப். டக்.

முதுகில் அதிர்ந்தது. தகரத்தின் வழியாக, அவன் எலும்பில்.

திறந்தான். மூன்றாவது. ஆனி 23.

போனைக் கையில் எடுத்தான். ரகுநாத்தின் பெயர் வரைக்கும் போனான். என்னவென்று சொல்வது. நாளைக்கு யாரோ சாகப் போகிறார்கள் என்றா. அதைவிட, அந்த நேரத்தில் அவனுக்குள் ஒரு மூலையில் வேறொரு கணக்கு ஓடியது: வாசலில் நின்றபடியே ஒருத்தி இதைச் செய்ய முடியாது, ஆனால் முன்பே குத்தி வைத்திருந்தால், நான் காலையில் சரியாகப் பார்க்காமல் இருந்தால். போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடை முன்னால் கூட்டம். ரகுநாத் மெஷின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக் கவிழ்ந்திருந்தான். மூடி திறந்திருந்தது. மெஷின் நிற்கவில்லை. பச்சை வெளிச்சம் அவன் கன்னத்துக்குக் கீழே போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் வெளியே வந்து விழுந்தது. தரை முழுக்கக் கறுப்புத் தாள்கள். முழுக் கறுப்பு. யாரோ ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாகராசு மேல் தட்டைப் பார்த்தான். கட்டை இருந்த இடத்தில் இருந்தது. பழைய ஒட்டடை அப்படியே. நாகராசுவின் விரல் அன்றைக்குப் பட்ட தடம் மட்டும்.

குத்தியது ரகுநாத் இல்லை. அந்தக் கட்டையும் இல்லை.

மிச்சம் ஒரு ஆள்தான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பீரோவைத் திறந்தான். வரிசையைச் சாமணத்தால் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். பரிமளா மஞ்சள் பொடி சலித்துக்கொண்டிருந்தாள்.

"கைய நீட்டு."

"என்னங்க இது. செத்த வீட்டுலேர்ந்து வந்து குளிக்காம..."

"நீட்டுடி."

அவள் நீட்டினாள். நான்கையும் அவள் உள்ளங்கையில் வைத்தான். அவளது முகத்தையே பார்த்தான். குத்தினவளுக்குத் தெரியும். தொட்டதும் காட்டிக்கொடுக்கும். ஒரு இமை துடித்தால் போதும்.

அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயமில்லை. அருவருப்பு. கல்யாணமான புதிதில் ஒருமுறை குடித்துவிட்டு வந்தபோது பார்த்த அதே பார்வை.

"இதுக்குத்தானா நாலு நாளா என்னயப் பாத்துக்கிட்டுக் கெடந்தீங்க?"

"மூணு உசுரு போயிருக்கு பரிமளா. இதுல விழுந்த தேதியில."

அவள் உள்ளங்கையில் கிடந்ததை மறுபடி ஒருமுறை பார்த்தாள். "அப்படின்னா கிழிச்சுப் போடுங்க," என்றாள். "எங்க ஆத்தா வீட்டுல இப்படி ஒரு கடுதாசிய வாசப்படி தாண்ட விட்டதில்ல. வாசல்ல போயி நின்னு கிழிச்சுப் போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க. அம்புட்டுத்தான். இல்லேன்னா நானே கிழிக்கிறேன்."

விரல்களை மடக்கினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கல் உடைத்த கை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். வரிசையைச் சாமணத்தால் எடுத்துக்கொண்டான். நான்காவது தலையின் ஓரத்தில் மஞ்சள் பட்டிருந்தது. அவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"இது ஒலகத்துல வேற எங்கயுமே இல்ல. தெரியுமா ஒனக்கு?"

"நான் மட்டும் வேற எங்க இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அவள் மஞ்சள் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

அன்று அவன் கிழிக்கவில்லை. மறுநாள் இருட்டுகிற வரைக்கும் கிழிக்கவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து யோசித்தான். கெட்டுப்போன மூன்றை வேண்டுமானால் கிழிக்கலாம். நான்காவது சுத்தமாகத்தானே இருக்கிறது. மஞ்சள் கறையை ஈரப் பஞ்சால் எடுத்துவிடலாம். ஒன்றே ஒன்று இருந்தாலும் திருச்சிக்குப் போதும். முத்திரை விழாத ஒரே கறுப்பு. நினைக்க நினைக்க அது நியாயமாகவே பட்டது. சாமணத்தால் பிடித்துக்கொண்டு கறையின் மேல் பஞ்சை ஒற்றினான். மஞ்சள் போகவில்லை. உள்ளே ஊறியிருந்தது. ரேகையோடு. அவள் பெருவிரல் ரேகை.

ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவனுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, பின்னால் வந்து நின்றது.

அறிவுச்செல்வன் உள்ளங்கையில் விரித்துக்கொண்டு வந்தான்.

நாராயணன் விரலால் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

ரகுநாத் நுனியைக் கிள்ளி எடுத்தான்.

அதே வரிசை. முதலாவது. இரண்டாவது. மூன்றாவது.

அவன் மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. சாமணம்.

கரண்ட் போனது. தெருவே ஒரு மூச்சு விட்டு அடங்கியது. எதிர்வீட்டு டிவி நின்றது. காற்றும் நின்றது. ஆல்பத்தை அப்படியே மூடினான். எல்லாவற்றையும். நான்கையும். வாசலுக்கு. கிழித்துவிட வேண்டும். இப்போதே. நாற்காலி கவிழ்ந்தது. நடைவழியில் இடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படிக்கு வெளியே நின்று, போன் வெளிச்சத்தில் ஆல்பத்தைத் திறந்தான்.

மூன்றுதான் இருந்தன.

நான்காவது இருந்த இடம் வெறுமை. வரிசையிலிருந்து நேர்க்கோடாகப் பிரிந்திருந்தது. கத்தரிக்கோல் வைத்த மாதிரி. இப்போதுதான் கையில் இருந்தது. ஒரு நிமிஷம் முன்னால்.

விரல் படாமல், ஆல்பத்தின் தாளோடு சேர்த்து மூன்றையும் கிழித்தான். துண்டு துண்டாக. காற்றில்லாததால் அவை காலடியிலேயே விழுந்தன. கீழே குனிந்து தேடினான். படியில். நடையில். மேசைக்கு அடியில். இல்லை.

"பரிமளா."

அடுப்படியில் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் மட்டும் தெரிந்தது. அவள் முதுகு காட்டி நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் வாடை இல்லை. வேறு வாடை. புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை வாடை. புதிது. ஈரம்.

"அத எங்க வச்ச?"

"எத?"

"நாலாவத. எடுத்தியா? சொல்லு. எடுத்திருந்தா நல்லது. கிழிச்சிடலாம். சொல்லு."

"நான் ஏன் அதத் தொடப் போறேன். அன்னைக்கு நீங்கதான வச்சீங்க கையில." சலிப்போடு திரும்பினாள். போன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

நெற்றி நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில், சதுரமாக. கறுப்பாக. ஓரத்தில் மஞ்சள் ரேகை. முத்திரை விழாதது.

அவள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். அவளுக்குத் தெரியவில்லை.

"அசையாத," என்றான். கிட்டே போனான். கை நீண்டது. கைக்குள் சாமணம் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அதன் முனையால் ஓரத்தைத் தேடினான். ஓரம் இல்லை. காகிதம் முடிந்து தோல் தொடங்குகிற இடம் இல்லை. விரல் நகத்தை வைத்தால் பெயர்ந்துவிடும். விரலை வைத்தால் போதும். கிழித்துவிடலாம். விரலை வைக்க வேண்டும். வைக்க வேண்டும் என்று நினைத்தான். விரல்கள் சாமணத்தை விடவில்லை.

"என்னத்த அப்படிப் பாக்குறீங்க," என்றாள் பரிமளா. "பொட்டு கோணலாவா இருக்கு?"

முன்னறையில், மெத்தென்று, ஒரு ஓசை கேட்டது.

தொப்.